இயல் 7: ஆட்தேர்வு ஆலோசகரின் ஊதியமும் ஈட்டும் வாய்ப்பும் – பீன்யா தொழிற்பேட்டையை முன்வைத்து

ஒரு நிறுவனத்துக்குத் தேவையான பணியாளரைத் தேடி, அவருடைய தகுதியைச் சோதித்து, அவர் பணியில் சேரும்வரை உடனிருந்து, அச்சேவைக்கான கட்டணத்தை அந்நிறுவனத்திடமிருந்து பெறுவது ஆட்தேர்வு ஆலோசனைத் தொழில் ஆகும். பேச்சுவழக்கில் ‘கன்சல்டன்சி’ எனப்படும் இத்தொழிலில் ஈடுபடுவோரின் வருமானம் மாதச் சம்பளம் என்னும் ஒற்றை எண்ணில் அடங்குவதில்லை. நிலையான சம்பளம், ஊக்கத்தொகை, கட்டணத்தில் பங்கு, ஒப்பந்தப் பணியாளர்மீது கிடைக்கும் சேவைக் கட்டணம் எனப் பல வாய்க்கால்களில் அது வருவதால், இத்தொழிலுக்குள் நுழைய விரும்புவோர் அவற்றின் கணக்கை முன்னதாகவே அறிந்திருப்பது நல்லது. அக்கணக்கைப் பீன்யாவின் தொழிற்கூடங்களைக் களமாகக் கொண்டு இவ்வியல் விளக்குகிறது. இங்குத் தரப்படும் ஊதிய எண்கள் கணக்கை விளக்குவதற்கான மாதிரிகள் மட்டுமே; சதவீதங்களும் சட்ட வரம்புகளும் நடைமுறையில் உள்ளவை.

1. களத்தின் இயல்பு

பெங்களூருவின் வடமேற்கில், தும்கூர் சாலையை ஒட்டி, 1970-களின் இறுதியில் உருப்பெற்ற பீன்யா தொழிற்பேட்டை, சிறு, குறுந்தொழில்கள் அடர்ந்து செயல்படும் நாட்டின் மிகப்பெரிய தொழிற்பேட்டைகளுள் ஒன்றாகும். இதன் தொழில்முனைவோருக்கான பீன்யா தொழிலகங்கள் சங்கம் 1978-இல் தோன்றியது. அருகிலுள்ள ஜாலஹள்ளியில் 1950-களில் எழுந்த எச்.எம்.டி. ஆலையும், தும்கூர் சாலையில் 1962-இல் நிறுவப்பட்ட மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிறுவனமும் இயந்திரக் கருவித் தொழிலுக்குரிய திறனை இவ்வட்டாரத்தில் விதைத்தன. அதன் தொடர்ச்சியாகவே சிஎன்சி எந்திர வேலை, டை மற்றும் அச்சு தயாரிப்பு, பவுடர் கோட்டிங், மின்முலாம், ஹைட்ராலிக் உதிரிப்பாகங்கள் ஆகியவற்றுக்கான பட்டறைகள் இங்குப் பெருகின. அவற்றோடு ஆயத்த ஆடை ஆலைகளும் சேர்ந்துகொண்டன. ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் பகுதிகளிலிருந்து ஐடிஐ அல்லது டிப்ளமோ முடித்து வரும் தமிழ் இளைஞர்களுக்கு இது பழகிய இடம். 2014-இல் மெட்ரோ ரயில் பீன்யா இண்டஸ்ட்ரி நிலையம்வரை வந்தபின் நகரின் பிற பகுதிகளிலிருந்து வருவதும் எளிதாயிற்று.

ஆட்தேர்வு ஆலோசகரின் நோக்கில் இக்களத்துக்கு இரண்டு இயல்புகள் உண்டு. ஒன்று, பெரும்பாலான நிறுவனங்கள் சிறியவை என்பதால் தனியான மனிதவளத் துறை அவற்றில் இருப்பதில்லை. உரிமையாளரோ உற்பத்தி மேலாளரோ நேரடியாக ஆள் கேட்கிறார். மற்றொன்று, கேட்கப்படும் பணிகளின் ஊதியம் மென்பொருள் துறையைவிடக் குறைவு என்பதால், ஒரு நியமனத்துக்குக் கிடைக்கும் கட்டணமும் குறைவு. இவ்விரண்டும் சேர்ந்து, எண்ணிக்கையும் வேகமும் நம்பகத்தன்மையும் வருமானத்தைத் தீர்மானிக்கும் களமாகப் பீன்யாவை ஆக்கியுள்ளன.

2. கட்டணம் எவ்வாறு கணக்கிடப்படுகிறது

இந்தியாவில் நிரந்தரப் பணி நியமனத்துக்கான கட்டணம் பெரும்பாலும் பணியாளரின் ஆண்டு மொத்த ஊதியச் செலவில் 8.33 சதவீதம் என அமைகிறது. ‘சிடிசி’ எனப்படும் இம்மொத்தச் செலவில் அடிப்படைச் சம்பளம், படிகள், நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடைக்கான ஒதுக்கீடு ஆகிய அனைத்தும் அடங்கும். 8.33 சதவீதம் என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாத ஊதியம். இடைநிலை, உயர்நிலைப் பணிகளுக்கு இது 12.5 சதவீதமாகவோ 16.67 சதவீதமாகவோ உயர்வது உண்டு.

ஆண்டுக்கு 4,20,000 ரூபாய் ஊதியச் செலவில் ஒரு சிஎன்சி செட்டர் நியமிக்கப்பட்டால், 8.33 சதவீதக் கட்டணம் 35,000 ரூபாய் ஆகும். ஆலோசனை நிறுவனம் ஜிஎஸ்டியில் பதிவு செய்திருந்தால், இதன்மீது 18 சதவீதமான 6,300 ரூபாய் சேர்ந்து பில் 41,300 ரூபாய்க்கு எழுதப்படும். அந்த 6,300 ரூபாய் அரசுக்குச் சேர வேண்டிய தொகை என்பதால் அதை வருமானக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதே 8.33 சதவீதத்தில், ஆண்டுக்கு 18,00,000 ரூபாய் பெறும் மென்பொருள் பொறியாளரின் நியமனம் 1,50,000 ரூபாயைத் தரும். ஒரு மென்பொருள் நியமனம் ஏறக்குறைய நான்கு செட்டர் நியமனங்களுக்கு ஈடாகிறது. ஆயினும் மென்பொருள் துறையில் 90 நாள் நோட்டீஸ் காலம் பரவலாக உள்ளது. அக்காலத்துக்குள் அப்பொறியாளருக்கு வேறு நிறுவனங்களின் ஆஃபர்களும் வந்து சேர்வதால், கணக்கில் எழுதிய கட்டணம் கைக்கு வராமல் போகும் வாய்ப்பும் அங்கு மிகுதி. பட்டறைப் பணியாளர்கள் பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் சேர்ந்துவிடுவதால், பீன்யாவில் பணச் சுழற்சி விரைவானது.

3. பணியில் இருக்கும் ஆலோசகரின் ஊதியம்

ஆலோசனை நிறுவனமொன்றில் வேலைக்குச் சேரும் ஆலோசகருக்கு நிலையான மாதச் சம்பளமும் அதற்கு மேல் ஊக்கத்தொகையும் வழங்கப்படுகின்றன. ஊக்கத்தொகை பெரும்பாலும் ‘டார்கெட்’ என்னும் வரம்பைத் தாண்டிய பில் தொகைமீதே கணக்கிடப்படுகிறது. ஆலோசகரின் சம்பளத்தைப்போல மூன்று மடங்கு வருவாயை அவர் ஈட்டித் தர வேண்டும் என்பது இத்தொழிலில் பரவலாகக் கையாளப்படும் அளவுகோல். அறை வாடகை, வேலைவாய்ப்புத் தளங்களுக்கான சந்தா, தொலைபேசி, நிர்வாகம் ஆகிய செலவுகளும் நிறுவனத்தின் லாபமும் அம்மூன்று மடங்குக்குள் அடங்குகின்றன.

மாதம் 25,000 ரூபாய் சம்பளம் பெறும் ஓர் ஆலோசகரின் காலாண்டுச் சம்பளம் 75,000 ரூபாய். மூன்று மடங்கு என்ற கணக்கில் அவருடைய காலாண்டு டார்கெட் 2,25,000 ரூபாய். அதற்கு மேற்பட்ட தொகையில் 15 சதவீதம் ஊக்கத்தொகை என ஒப்பந்தம் இருந்து, அவர் 4,00,000 ரூபாய்க்கு நியமனங்களை முடித்தால், 1,75,000 ரூபாய்மீது 26,250 ரூபாய் அவருக்குச் சேரும். இது மாதத்துக்கு 8,750 ரூபாய் கூடுதல் வருமானம் ஆகும். டார்கெட்டைத் தொடாதவருக்கு ஊக்கத்தொகை இல்லை. அதைச் சற்றே தாண்டியவருக்கும் சொற்பமே. நன்றாகத் தாண்டியவருக்கு ‘ஸ்லாப்’ எனப்படும் படிநிலை விகிதத்தால் கூடுதல் தொகைக்கு உயர்ந்த சதவீதம் கிடைக்கிறது. ஒரே நிறுவனத்தில் ஒரே சம்பளத்தில் சேர்ந்த இருவரின் ஆண்டு வருமானம் பெரிதும் வேறுபடுவதற்கு இந்த அமைப்பே காரணம்.

4. சேர்த்த பணியாளர் நிலைத்திருத்தல்

வருமானக் கணக்கில் புதியவர்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது ‘ரிப்ளேஸ்மென்ட்’ எனப்படும் மாற்றாள் விதியை. பணியில் சேர்ந்தவர் 60 அல்லது 90 நாட்களுக்குள் விலகினால், ஆலோசனை நிறுவனம் கட்டணமின்றி மாற்றாளைத் தர வேண்டும், அல்லது பெற்ற கட்டணத்தைத் திருப்ப வேண்டும் என்று ஒப்பந்தங்கள் கூறுகின்றன. மேற்கண்ட கணக்கில் ஒரே ஒரு செட்டர் விலகி 35,000 ரூபாய் கழிந்தால், பில் தொகை 3,65,000 ரூபாயாகவும் ஊக்கத்தொகை 21,000 ரூபாயாகவும் குறையும். ஒருவர் விலகியதற்காக ஆலோசகர் 5,250 ரூபாயை இழப்பார். மாற்றாளைத் தேடும் உழைப்பு இக்கணக்கில் சேரவில்லை. எனவே இத்தொழிலில் வருமானம் என்பது சேர்த்தவர்களின் எண்ணிக்கையைக்காட்டிலும் நிலைத்தவர்களின் எண்ணிக்கையைச் சார்ந்தது.

நிலைத்தலைத் தீர்மானிக்கும் முதற்காரணி, வேலைக்கும் ஆளுக்கும் உள்ள பொருத்தம். பட்டறை உரிமையாளர் ‘சிஎன்சி ஆபரேட்டர் ஒருவர் வேண்டும்’ என்று ஒற்றை வரியில் கேட்பார். ஆனால் எந்திரத்தில் உருப்படியை ஏற்றி, ‘சைக்கிள் ஸ்டார்ட்’ பொத்தானை அழுத்தி, முடிந்ததை அளந்து பார்ப்பவர் ஆபரேட்டர், ‘ஜா’க்களை மாற்றி, கருவிகளைப் பொருத்தி, டூல் ஆஃப்செட்டைத் திருத்தி, முதல் உருப்படியைச் சரியான அளவில் எடுத்துத் தருபவர் செட்டர், வரைபடத்தைப் பார்த்து நிரலை எழுதுபவர் புரோகிராமர். மூவரின் ஊதியமும் வேறு, எனவே கட்டணமும் வேறு. உரிமையாளர் ஆபரேட்டர் என்று சொல்லிச் செட்டரின் வேலையை எதிர்பார்த்தால், அனுப்பப்பட்டவர் முதல் வாரத்திலேயே திணறி விலகுவார். எந்திரத்தின் கன்ட்ரோல் ஃபேனக்கா சீமென்ஸா, வெட்டப்படும் உலோகம் எது, அளவுத் துல்லியம் எத்தனை மைக்ரான், இரவு ஷிப்ட் உண்டா, ஓர் ஆள் எத்தனை எந்திரங்களைப் பார்க்க வேண்டும் ஆகிய ஐந்து கேள்விகளை உரிமையாளரிடமும் விண்ணப்பதாரரிடமும் ஒரேபோலக் கேட்கும் ஆலோசகரின் நியமனங்கள் நிலைக்கும்.

இரண்டாவது காரணி, கைக்கு வரும் சம்பளத்தைப் பற்றிய தெளிவு. ஆண்டுக்கு 4,20,000 ரூபாய் என்ற ஆஃபரைப் பெற்ற இளைஞர் மாதம் 35,000 ரூபாய் கிடைக்கும் என்று எண்ணுவது இயல்பு. அதில் நிறுவனத்தின் வைப்பு நிதிப் பங்கு, 15,000 ரூபாய் வரம்பின்மீது 12 சதவீதமாக, 1,800 ரூபாய்; 17,500 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தின்மீது 4.81 சதவீதப் பணிக்கொடை ஒதுக்கீடு 842 ரூபாய். இவை போக மீதம் 32,358 ரூபாய். அதிலிருந்து பணியாளரின் வைப்பு நிதிப் பங்கு 1,800 ரூபாயும், கர்நாடகத் தொழில் வரி 200 ரூபாயும் பிடிக்கப்பட்டு, கைக்கு வருவது 30,358 ரூபாய். முதல் சம்பளத்தன்று இதைக் கண்டு ஏமாற்றமடைபவர் அடுத்த மாதமே வேறு வேலை தேடத் தொடங்குவார். ஆஃபர் கடிதம் வந்த அன்றே இக்கணக்கைத் தாளில் எழுதிக் காட்டி, தாசரஹள்ளியிலோ ஜாலஹள்ளியிலோ தங்குமிடத்துக்கு ஆகும் வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் கழித்து, ஊருக்கு எவ்வளவு அனுப்ப முடியும் என்பதைச் சொல்லிவிடும் ஆலோசகர், அந்த இளைஞருக்கு நன்மை செய்வதோடு தம் கட்டணத்தையும் காத்துக்கொள்கிறார்.

5. தனித்துத் தொழில் நடத்துவோரின் கணக்கு

சில ஆண்டு அனுபவத்துக்குப்பின் தனியே அலுவலகம் தொடங்குவது இத்தொழிலில் வழக்கம். பெரிய முதலீடு வேண்டியதில்லை என்பதால் இது எளிதாகத் தோன்றும். மாதம் மூன்று நியமனங்கள், ஒவ்வொன்றுக்கும் 35,000 ரூபாய் எனக் கொண்டால், ஆண்டுக்கு 36 நியமனங்களில் 12,60,000 ரூபாய் வரும். அவர்களுள் நால்வர் 90 நாட்களுக்குள் விலகி, கட்டணம் திருப்பப்பட்டால் 1,40,000 ரூபாய் கழிந்து 11,20,000 ரூபாய் எஞ்சும். வாடகை, சந்தா, தொலைபேசி, ஓர் உதவியாளரின் சம்பளம் ஆகியவற்றுக்கு மாதம் 40,000 ரூபாய் செலவானால் ஆண்டுக்கு 4,80,000 ரூபாய். மீதமுள்ள 6,40,000 ரூபாயை மாதக் கணக்கில் பிரித்தால் 53,333 ரூபாய். வருமான வரி இதற்குப் பிறகே வரும். சேவைத் தொழிலில் ஆண்டு விற்றுவரவு 20,00,000 ரூபாயைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. பதிவு செய்தவரோ, வாடிக்கையாளர் பணம் தராத நிலையிலும், எழுதிய பில்லுக்குரிய வரியை உரிய மாதத்தில் செலுத்தியாக வேண்டும்.

தனித்து இயங்குபவரின் பெரும் சிரமம், பணம் காலம் கடந்து வருவது. இதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. சேவை வழங்கும் குறு, சிறு நிறுவனங்களும் உத்யம் பதிவு பெறலாம். குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், 2006, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய தொகையை எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாட்களுக்குள்ளும், ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாட்களுக்குள்ளும் செலுத்த வேண்டும் என்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டப்பட்டுக் கணக்கிடப்படும். முறையீட்டை இணையவழியே பதிவு செய்யலாம்; இதற்கெனச் சமாதான் இணையதளம் 2017-இல் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு பில்லிலும் உத்யம் எண்ணை அச்சிட்டு, கட்டண நாளை ஒப்பந்தத்தில் எழுதிவிடுவது இவ்வுரிமையைப் பயன்படுத்துவதற்கு முதற்படி.

6. ஒப்பந்தப் பணியாளர் வழங்கலும் உயர்நிலைத் தேடலும்

ஒரு முறை கட்டணம் பெறும் நியமனத்துக்கு மாறாக, பணியாளரைத் தம் நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் வைத்துக்கொண்டு வாடிக்கையாளரின் ஆலைக்கு அனுப்பும் ஒப்பந்தப் பணியாளர் வழங்கல், மாதந்தோறும் வருமானம் தருவது. ஒரு தொழிலாளியின் ஊதியம் 18,000 ரூபாய் எனில், நிர்வாகக் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த வைப்பு நிதி 15,000 ரூபாயின்மீது 13 சதவீதமாக 1,950 ரூபாய், இஎஸ்ஐ 3.25 சதவீதமாக 585 ரூபாய். மொத்தம் 20,535 ரூபாய். இதன்மீது 8 சதவீதச் சேவைக் கட்டணம் எனில் ஒருவருக்கு 1,643 ரூபாய் அளவிலும், 50 பேருக்கு மாதம் 82,140 ரூபாயும் கிடைக்கும். ஆனால் ஊதியத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வழங்க வேண்டும். வாடிக்கையாளர் 45 நாள் கழித்தே பணம் தருவாராயின், மாதம் 10,26,750 ரூபாய்ச் செலவில் 15,00,000 ரூபாய்க்கு மேற்பட்ட சுழல்முதல் எப்போதும் கையில் இருக்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர்களை அமர்த்துவோர் உரிமம் பெற வேண்டும். சென்னையில் 1992-இல் தொடங்கப்பட்டு, பின்னர் நெதர்லாந்தின் ராண்ட்ஸ்டாட் குழுமத்தோடு இணைந்த மாஃபா நிறுவனமும், பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்டு 2016-இல் பங்குச் சந்தையில் நுழைந்த டீம்லீஸ், க்வெஸ் ஆகியவையும் இத்தொழில் எவ்வளவு பெரிதாக வளர முடியும் என்பதற்குச் சான்றுகள். எண்ணிக்கையால் வளரும் இப்பிரிவில் லாப விகிதம் மெல்லியது என்பதையும், ஒரு வாடிக்கையாளரின் தாமதமே முழுத் தொழிலையும் முடக்கக்கூடும் என்பதையும் மறக்கலாகாது.

மறுமுனையில் இருப்பது உயர்நிலைப் பணியாளர் தேடல். ஆலைத் தலைவர், வடிவமைப்புப் பிரிவுத் தலைவர் போன்ற பொறுப்புகளுக்கு ஆண்டு ஊதியம் 24,00,000 ரூபாயும் கட்டணம் 12.5 சதவீதமும் எனில் ஒரே நியமனத்தில் 3,00,000 ரூபாய் கிடைக்கும். உலக அளவில் இத்தகைய தேடலுக்கு ஆண்டு ஊதியத்தில் மூன்றில் ஒரு பங்குவரை பெறுவதும், அதில் ஒரு பகுதியைப் பணி தொடங்கும்போதே முன்பணமாகப் பெறுவதும் வழக்கம். பீன்யாவில் பல ஆண்டுகள் செட்டர்களையும் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர்களையும் சேர்த்துவிட்ட ஆலோசகருக்கு, அவர்கள் மேலாளர்களாக உயரும்போது இந்த நிலையும் கைகூடுகிறது; அன்று வேலை பெற்றுச் சென்றவரே பின்னாளில் ஆள் கேட்டு அழைக்கும் வாடிக்கையாளர் ஆகிறார்.

7. ஈட்டக் கூடாத பணம்

வேலை தேடி வருபவரிடம் பதிவுக் கட்டணம், ‘கன்ஃபர்மேஷன்’ கட்டணம், முதல் மாதச் சம்பளம் என்னும் பெயர்களில் பணம் பெறுவது குறுகிய கால வருமானமாகத் தோன்றலாம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு 181-ஆவது உடன்படிக்கை, தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் தொழிலாளரிடம் கட்டணம் பெறலாகாது என்பதைப் பொதுவிதியாக வைத்துள்ளது. இந்தியா அதை ஏற்பிசைவு செய்யவில்லை எனினும், பொறுப்புள்ள நிறுவனங்கள் அந்நெறியையே கடைப்பிடிக்கின்றன. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவதோ குடிபெயர்வுச் சட்டம், 1983-இன்கீழ் பதிவு பெற்ற முகவர்களால் மட்டுமே செய்யத்தக்கது. அங்கும் பெறத்தக்க சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் என வரையறுக்கப்பட்டுள்ளது. நிலம் அடகு வைத்தோ நகை விற்றோ வந்த இளைஞரிடம் பெறும் பணம் அறத்துக்கு ஒவ்வாதது. தொழிலுக்கும் அது கேடு. பட்டறைத் தொழிலில் ஆட்கள் பெரும்பாலும் ஒருவர் சொல்லி மற்றொருவராகவே வருகிறார்கள். பணம் பறித்தவரின் பெயர் பரவிய ஊரிலிருந்து அடுத்த ஆள் வருவதில்லை.

8. பணியேற்குமுன் கேட்டறிய வேண்டியவை

ஆலோசனை நிறுவனத்தில் சேரவிருப்பவர் நிலையான சம்பளத்தின் அளவை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுப்பது போதாது. காலாண்டு டார்கெட் எவ்வளவு, அதற்கு மேற்பட்ட தொகையில் ஊக்கத்தொகை எத்தனை சதவீதம், அது பில் எழுதிய அன்று கணக்கிடப்படுமா வாடிக்கையாளர் பணம் செலுத்திய அன்றா, பணியாளர் விலகினால் வழங்கிய ஊக்கத்தொகை திரும்பப் பிடிக்கப்படுமா, ஆலோசகர் வேலையை விட்டுச் செல்லும்போது நிலுவையில் உள்ள நியமனங்களுக்கான பங்கு கிடைக்குமா ஆகிய ஐந்து செய்திகளும் நியமனக் கடிதத்திலோ அதன் இணைப்பிலோ எழுத்தில் இருக்க வேண்டும். வாய்மொழி வாக்குறுதியாக மட்டும் இருக்கும் ஊக்கத்தொகையை வருமானமாகக் கருதுவதற்கில்லை.

முதல் இரண்டு ஆண்டுகளில் பல துறைகளுக்கு ஆள் தேடி அலைவதைவிட, சிஎன்சி எந்திர வேலையோ, தரக்கட்டுப்பாடோ, ஆயத்த ஆடையோ, ஒரு துறையைத் தேர்ந்து அதன் எந்திரங்களையும் ஊதிய நிலையையும் ஆட்களையும் முழுமையாக அறிந்துகொள்வதே பீன்யா போன்ற களத்தில் வருமானத்தை உயர்த்தும் உறுதியான வழி. தாம் சேர்த்த ஒவ்வொருவரும் மூன்று மாதம் கழித்தும் அதே பணியில் இருக்கிறாரா என்பதை ஒரு பதிவேட்டில் குறித்து வருபவர், தம் வருமானம் அடுத்த ஆண்டு எங்கு நிற்கும் என்பதை அப்பதிவேட்டிலிருந்தே கணக்கிட்டு அறியலாம். அதை முதல் நியமனத்தன்றே தொடங்க வேண்டும்.